வேலியும் கண்ணியும்

(சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 'கண்ணி' என்னும் சொல்லின் பொருளும் வழக்கும் குறித்துச் சிறிது பேசுமாறு சங்கத்துச் செயலாளர் என்னைப் பணித்தனர். ஒரு சொல்லைப்பற்றிப் பேசுவதனால் உழவர்களாகிய நமக்கு வரும் பயன் யாது என்று நீவிர் வினவலாம். சொல் பிழைபட வழங்கின் பொருள் பிழைபடும். பொருள் பிழைபட்டவிடத்துச் செயலும் பிழைபடும். அங்ஙனம் பிழைபட்ட சொல்லொன்று இந்நாளில் நம் ஊர்களில் நடமாடுகின்றது. அதனால் உயிர்கள் அழிகின்றன. அதனை முறையே கூறுவேன். முதற்கண் கண்ணியைக் காண்போம்.

கண்ணி என்பது பலபொருளொருசொல். தலையிற் சூடும் பூந்தொடைக்குக் கண்ணி என்று பெயர். இரண்டடியால் நடக்கும் இசைப்பாட்டிற்கும் அப்பெயர் உண்டு. தாயுமான அடிகள் அருளிய பராபரக்கண்ணியை நம்மிற் பலர் ஓதியிருப்பர். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணியே. மதுரகவியாழ்வார் அருளிய பனுவலுக்குக் கண்ணிநுண்சிறுத்தாம்பு என்று பெயர். ஆண்டுக் கண்ணி என்பது கயிற்றின் முடிச்சைக் குறித்தது. காடையும் கவுதாரியும் பிடிப்போர் தரையிலே பரப்பும் சுருக்குக் கயிறும் கண்ணியாம். இவை யாவற்றிற்கும் பொதுவாய் நிற்பது பிணித்தல் என்னும் தன்மை. ஆயினும், பூங்கண்ணியைச் சூடுவோன் அறிந்து சூடுகின்றான். சுருக்குக் கண்ணியிற் படும் பறவை அறியாது படுகின்றது. மறைவு ஒன்றே இவ்விரண்டற்கும் இடைநின்ற வேறுபாடு.

மறைந்துநின்று பிடிக்கும் கருவிகளுக்கு நம் முன்னோர் தனித்தனியே பெயர் வகுத்தனர். யானை பிடித்தற்குப் பறித்து மேலே மூடிவைத்த குழிக்குப் பயம்பு என்று பெயர். பகைவரிடம் அகப்பட்டுத் தம் வலியால் மீண்ட வேந்தர் இருவர்க்கு இவ்வகைக் குழியில் வீழ்ந்த யானையே சங்கச் செய்யுளில் உவமையாயிற்று. புறநானூற்றுப் பதினேழாம் பாட்டில் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர்கிழார் அவ்வாறு பாடினர். கரிகாலனைப் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் அவ்வாறே பாடினர். குழியின் கரையைத் தன் கோட்டாற் குத்தித் தூர்த்து வெளியேறித் தன் இனத்தோடு சேரும் களிற்றினை அப்புலவர் காட்டுவர். ஆகவே, பயம்பிற் பட்ட யானைக்கு மீளும் வழி ஒன்று இருந்தது என்பதனை நினைவிற் கொள்க.

பொறி என்பது மற்றொரு சொல். மெய், வாய், கண், மூக்கு, செவி என்பன ஐம்பொறி. நெருப்பினின்று தெறிப்பது தீப்பொறி. எலியைப் பிடிப்பது எலிப்பொறி. பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்தி, அடியிலே சிறு பொறி அமைத்து, விலங்கு அதனைத் தீண்டியவுடன் கல் வீழ்ந்து நசுக்குமாறு செய்யும் கருவிக்கு அடார் என்று பெயர். நற்றிணை நூற்றுப்பத்தொன்பதாம் பாட்டிலே தினைப்புனத்து உழவன் ஒருவன் தினை தின்ன வரும் பன்றியின்பொருட்டு இவ்வடாரை வைக்கின்றான். அதில் அகப்பட்டதோ பன்றி அன்று, புலி!

இச் செய்தியை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது. கண்ணிக்கு மூன்று இயல்புகள் உண்டு. மறைந்திருத்தல் ஒன்று. வைத்தவன் வீட்டில் உறங்கும்போதும் தான் உறங்காமை இரண்டு. வருபவர் இன்னார் என்று அறியாமை மூன்று. வில்லேந்தியவன் குறிபார்த்து எய்கின்றான். எய்யுமுன் இது பன்றி, இது பசு, இவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று காண்கின்றான். காணின் கை நிற்கும். கண்ணிக்குக் கண் இல்லை. நிற்கும் கையும் இல்லை. பன்றிக்கு வைத்த அடாரிற் புலி பட்டமைக்குக் காரணம் இம் மூன்றாம் இயல்பே.

பிற்காலத்தில் மண்ணிற் புதைத்துவைக்கும் வெடிக்குத் தமிழர் கண்ணிவெடி என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'மைன்' என்னும் சொல் சுரங்கத்தைக் குறிப்பது. பகைவர் கோட்டை மதிலின்கீழ்ச் சுரங்கம் அகழ்ந்து அதனை வீழ்த்திய பழைய வழக்கினின்று பிறந்தது. தமிழ் வழக்கோ அவ்வெடியை வேட்டுவன் கண்ணியோடு சேர்த்து எண்ணிற்று. ஈழத்துத் தமிழர் தாம் உற்ற துன்பத்தினால் இன்னும் நுணுகிப் பெயரிட்டனர். காலால் மிதித்த அளவில் வெடிப்பதனை மிதிவெடி என்பர். ஏதேனும் ஒரு பொருளைத் தொட்டு அசைத்தவுடன் வெடிக்குமாறு சூழ்ச்சியாய் அமைத்ததனைப் பொறிவெடி என்பர். 2009-ஆம் ஆண்டு மே திங்களில் ஆண்டுப் போர் முடிந்தது. போர் முடிந்த செய்தி மண்ணுட் கிடந்த வெடிகளுக்கு எட்டவில்லை. இரு படைகளும் எதிரெதிரே நிலைகொண்டிருந்த முகமாலை முதலிய இடங்களில், பின்னர்ப் பல ஆண்டுகள், மகளிரும் ஆடவருமாய் ஊழியர் பலர் வாரிகொண்டு மண்ணைச் சிறிது சிறிதாக வாரி அவற்றை அகற்றுவாராயினர். ஆளைக் கொல்லும் இவ்வெடிகளை அறவே விலக்கும் உடன்படிக்கை 1997 டிசம்பரில் கனடா நாட்டு ஒட்டாவா நகரிற் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1999 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017 டிசம்பரில் அதனிற் சேர்ந்தது. துப்பாக்கியையும் பீரங்கியையும் விலக்காத நாடுகள் பல இவ்வொன்றனை விலக்க உடன்பட்டமைக்குக் காரணம் யாது? படைஞனையும் பள்ளிச் சிறுவனையும் ஒன்றாகக் கருதும் கருவி போரிலும் தகாது என்னும் எண்ணமே அன்றோ?

போரிலும் தகாதது வயலில் தகுமா? இனி நம் ஊர்க்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்குமுன் என் வகுப்பில் மேற்கூறிய நற்றிணைப் பாட்டை நடத்தினேன். அடாரின் அமைப்பை விளக்கி முடித்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் தோட்டத்திலும் இது இருக்கிறது, ஆனால் அப்பா அதை வேலி என்றுதான் சொல்லுவார். இரவு எட்டு மணிக்குமேல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பார்," என்றான். வகுப்பினர் சிரித்தனர். யானும் முறுவலித்து அடுத்த பாட்டிற்குச் சென்றேன். அவன் தந்தையாரை நான் அறிவேன், நல்லவர், கடன்பட்டு மக்காச்சோளம் விதைத்தவர். அவரிடம் சென்று ஒரு சொல் கூறாது விட்டேன். தீங்கு ஒன்றும் நேரவில்லை. அஃது என் செயலால் அன்று. அன்று கூறாததனை இன்று இவ்வவையிற் கூறுகின்றேன்.

வேலி என்பது யாது? முள்ளாலோ, கல்லாலோ, கிளுவை முதலிய உயிர்மரத்தாலோ எல்லையில் வெளிப்பட நிற்பது. "இதற்குமேல் வாராதே" என்று பகலிலும் இரவிலும் வருவார்க்குச் சொல்லி நிற்பது. தடுப்பது வேலியின் தொழில். கொல்வது அதன் தொழில் அன்று. நம்முட் சிலர் செய்வதோ வேறு. முழங்கால் உயரத்தில் மூடாத கம்பியை இழுத்து, மோட்டார் அறையிலிருந்தோ, தெருக்கம்பியிற் கொக்கியிட்டோ இருநூற்றுமுப்பது வோல்ட்டு மின்சாரத்தை அதில் நேரே செலுத்துகின்றனர். இருளிற் கம்பி தோன்றாது. பனி நனைத்த மண்ணில் வெறுங்காலோடு வருபவன் அதனைத் தீண்டின் மின்சாரம் அவன் உடலினூடே நிலத்திற் பாயும். தசைகள் இறுகுதலால் விடுபட இயலாது. பயம்பிற் பட்ட யானைக்கேனும் கரையைக் குத்தி மீள வழி இருந்தது. இதிற் பட்டதற்கு அதுவும் இல்லை.

நம் நாவே இவ்வுண்மையை அறியும். வேலியைக் கட்டினான் என்போம், அடைத்தான் என்போம், 'வேலி வைத்தான்' என்று ஒருவரும் சொல்வதில்லை. கண்ணி வைத்தான், பொறி வைத்தான், நஞ்சு வைத்தான் என்பதே வழக்கு. இம் மின்கம்பியைக் குறித்து நம் ஊரார் யாது சொல்கின்றனர்? "பன்றிக்குக் கரண்டு வைத்திருக்கிறான்" என்றே சொல்கின்றனர். பெயரை மாற்றினோமேனும் வினைச்சொல்லை மாற்ற நம்மால் இயலவில்லை. புதலில் மறைந்துநின்று பறவை பிடிக்கும் வேட்டுவனைத் தவவேடத்தில் மறைந்து தீமை செய்வானுக்குத் திருவள்ளுவர் உவமையாக்கினர். ஈண்டு வேலி என்னும் நற்பெயரே நாம் மறையும் புதல் ஆயிற்று.

அடாரிற் புலி பட்டதுபோலவே இக் கம்பியிலும் குறித்த விலங்கன்றிப் பிற படுகின்றன. 2023 மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியை அடுத்த ஊரில், விளைநிலத்தில் மறைவாய் இழுத்திருந்த மின்கம்பியால் மூன்று பெண்யானைகள் மாண்டன. உடன்வந்த இரு கன்றுகள் உயிர்தப்பின. நீர் பாய்ச்சச் சென்ற உழவரும், குறுக்கு வழியாய் வீடு திரும்பியோரும், கம்பி வைத்தவரும் அவர் வீட்டாருமே மாண்ட செய்திகளையும் நாளிதழ்களிற் கண்டுளீர்.

"பன்றி ஒரே இரவில் எங்கள் உழைப்பையெல்லாம் அழிக்கின்றதே, எங்கள் துயர் ஆசிரியர்க்குத் தெரியுமா?" என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானது. விளைந்த கதிரை இழப்பவன் வயிறு எரிவதனை யானும் கண்டவனே. ஆயினும் எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவார் உளரோ? சட்டத்தின் நிலையையும் எண்ணுக. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை உளது. அதனைக் கொன்றார்க்குச் சிறைத்தண்டம் உண்டு. கொக்கியிட்டு மின்சாரம் எடுத்தல் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி களவு. மனித உயிர் போயின் வழக்கு எத்தகையதாகும் என்பதனை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு பருவத்து விளைவைக் காக்கப் புகுந்தவன் நிலத்தையே விற்று வழக்காடும் நிலைக்கு வருகின்றான்.

செய்யத்தக்கன யாவை? பண்டை உழவர் அடார் ஒன்றையே நம்பியிருந்தாரல்லர். பரண்மேல் இருந்து கவண் எறிந்தும், தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பியும் புனங்காத்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் இக் கருவிகளின் பெயர்களைக் காணலாம். இவை எல்லாம் வருவதனை எச்சரித்து ஓட்டுவன. இந்நாளிற் சூரிய ஒளியால் இயங்கும் முறையான மின்வேலி உளது. அதன் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டு ஆயினும், மின்சாரம் நொடிக்கு ஒருமுறை கண்ணிமைப்பினும் குறைந்த பொழுதே துடித்து நிற்பதால், தீண்டிய விலங்கு அதிர்ந்து விலகுமேயன்றி மாளாது. அஃதொன்றே வேலி என்னும் பெயர்க்கு உரியது. அத்தகைய வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாட்டரசு 2023-இல் வெளியிட்டது. காப்புக்காட்டினின்று மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுதற்கு 2025 ஜனவரியில் அரசாணை பிறந்தது. தனியே ஓர் உழவன் விண்ணப்பித்து அலைவதினும், சங்கத்தின் வாயிலாகப் பலர் ஒருங்கு சென்று கேட்டல் பயன் தரும். இதற்கு உதவாத சங்கம் வேறு எதற்கு?

ஆகவே இவ்வவையோரை மூன்று வேண்டுகின்றேன். நம் சங்கத்தார் ஒருவரும் தம் நிலத்தில் மறைவாக மின்கம்பி வைப்பதில்லை என்று இன்றே தீர்மானம் செய்க. சூரிய மின்வேலி அமைக்கப் பொருள் இல்லாதார்க்குச் சங்க நிதியிலிருந்து வட்டியின்றிக் கடன் உதவுக. கம்பியிற் சிக்கினாரை எவரும் வெறுங்கையாற் பற்றலாகாது, முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும் என்பதனை வீட்டிலுள்ள மகளிர்க்கும் பிள்ளைகட்கும் கற்பிக்க.

இங்கு அமர்ந்துள்ளாருள் எவர் நிலத்திலேனும் அக் கம்பி இருக்கலாம். அவர் பெயர் எனக்கு வேண்டா. எழுந்து கூறவும் வேண்டா. வீடு சென்றவுடன் முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, நாளைப் பொழுது புலர்ந்தபின் கம்பியைச் சுருட்டி விடுக. இரவு எட்டு மணிக்குமேல் தன் தந்தையின் நிலத்திற் கால்வைக்க ஒரு பிள்ளை அஞ்சுமாயின் அந்நிலத்தைச் சூழ்ந்திருப்பது வேலி அன்று, கண்ணியே ஆகும். அதனை அப்பெயரால் அழைக்கும் நாளில் நம் கை தானே அதனை அகற்றும்.

 இறைவன் திருவருள் நம் நிலங்களையும் அவற்றில் நடப்பார் அனைவரையும் காப்பதாக.