பத்தா, நூறா?

(நூற்றாண்டு விழாவில் மருத்துவராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போன நாங்கள் மூவர் அங்கே ஒரு விளையாட்டில் மூழ்கிக் கிடந்தோம். பேர்ள் என்ற கணினி மொழியில், பார்த்தவருக்கு விளங்காத குட்டி நிரல்களை எழுதுவதுதான் அந்த விளையாட்டு.

மொழியியல் படித்த லரி வோல் 1987இல் வெளியிட்ட மொழி அது. ஒரே வேலையைப் பல விதமாகச் செய்ய இடம் கொடுக்கும். ரண்டல் ஷ்வார்ட்ஸ் என்பவர் தம் இணையக் கடிதங்களின் அடியில், தாமும் ஒரு பேர்ள் நிரலாளர் என்று அச்சிடும் சின்னப் புதிர் நிரலை இடுவார். அந்தப் பழக்கம் பலருக்கும் தொற்றியது. சி மொழியில் இத்தகைய நிரல்களுக்கு 1984இலேயே சர்வதேசப் போட்டி தொடங்கிவிட்டது.

கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். ஆங்கில ‘ஏ’ என்றால் 65. நாங்கள் பாடசாலையின் பெயரை எண்களாக்கி, ஒவ்வொன்றோடும் 7ஐக் கூட்டி, தலைகீழாக அடுக்குவோம். 65, 72 ஆகிவிடும். நிரல் ஓடும்போது 7ஐக் கழித்து, வரிசையைத் திருப்பி, பெயரை அச்சிடும். ஓட்டிப் பார்க்காமல் விடை சொல்ல வேண்டும். தோற்றவர் கன்ரீனில் பிளேன் ரீ வாங்கித் தர வேண்டும். ஆறு மாதம் கழித்து, எழுதிய எங்களுக்கே சில நிரல்கள் விளங்கவில்லை. அதையும் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு விடுதிகளில் வேலை செய்யத் தொடங்கினோம். ஒருநாள் எங்களில் ஒருத்தி, இன்சுலின் 10 அலகு என்பதைச் சுருக்கி, 10க்குப் பக்கத்தில் ஆங்கில ‘யு’ எழுத்தை மட்டும் போட்டாள். அவசரத்தில் அதன் வாய் மூடிக்கொண்டது. பார்த்தால் 100! இரவுக் கடமையில் இருந்த தாதி, ஊசி போடுமுன் தொலைபேசியில் கேட்டார்: “டொக்டர், இது பத்தா, நூறா?”

அவர் கேட்டிராவிட்டால், விடியும்போது அந்த அம்மா கண் விழித்திருக்கமாட்டார். எங்கள் மூவருக்கும் அன்று சிரிப்பு வரவில்லை.

தங்கைமாரே, புதிர் எழுதுங்கள், மூளைக்கு நல்லது. ஆனால் புதிரை அவிழ்க்க வருபவர் விரும்பி வருகிறார். நோயாளி அப்படி வருவதில்லை. அன்றிலிருந்து நாங்கள் ‘அலகு’ என்ற சொல்லை முழுமையாகவே எழுதுகிறோம். இரட்டைக்கோட்டுக் கொப்பியில் எங்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்த ஆசிரியர்களின் அருமை அன்றுதான் விளங்கியது.