வாடிவாசலும் மானமும்



நான் வாழும் வில்லாபுரத்தை அடுத்துள்ளது அவனியாபுரம். தைப்பொங்கலன்று அங்கே காளைகள் அவிழ்த்துவிடப்படும். மறுநாள் பாலமேட்டிலும், அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் அவ்விளையாட்டு நிகழும். அதனைப் பொருளாகக் கொண்டு எழுந்ததே ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவல். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி நடத்திய சி. சு. செல்லப்பா அதன் ஆசிரியர். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். ஆனால் நெடுநாள் சிந்திக்கவேண்டிய நூல் அது.

கதைத்தலைவன் பிச்சி ஓர் இளைஞன். அவன் தந்தை அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரர். ஜமீன்தாரின் காரிக் காளையால் குத்துண்டு மாண்டவர். அக்காளையை அடக்கவே, மருதனைத் துணைகொண்டு, செல்லாயி சல்லிக்கட்டுக்குப் பிச்சி வருகிறான்.

‘பிச்சியின் பண்புகளை விளக்குக’ என்று தேர்வில் கேட்டால், வீரம், துணிவு, தந்தைப்பற்று என்று வரிசைப்படுத்திவிடுவீர்கள். அது போதாது. ஒரு பாத்திரத்தை அறியவேண்டுமாயின், ‘இவன் எதை இழக்க அஞ்சுகிறான்?’ என்று கேளுங்கள். பிச்சி உயிரிழக்க அஞ்சவில்லை. தந்தையின் பெயருக்கு நேர்ந்த குறை தீராமற் போகுமோ என்றே அஞ்சுகிறான். ஜமீன்தாரின் நிலையும் அதுவே. காளை பிடிபடாதிருப்பதே அவருடைய கௌரவம். அது பிடிபட்டபின், வென்றவனைப் பாராட்டும் பெருந்தன்மை அவருக்கு இருக்கிறது. காளையையோ அவர் சுட்டுக் கொன்றுவிடுகிறார். இவர்களுக்கிடையே, காளைகளின் வரலாற்றையும் வீரர்களின் வரலாற்றையும் நன்கறிந்த ஒரு கிழவர் வருகிறார். வென்றவனையும் தோற்றவனையும் ஊர் மறப்பதில்லை என்பதை அவர் பேச்சு நமக்கு உணர்த்துகிறது.

இனிக் கருப்பொருளைக் காண்போம். இளைஞனும் ஜமீன்தாரும் தத்தம் மானத்தை ஒரு விலங்கின் திமிலில் ஏற்றிவைத்தார்கள். மானம் இன்னதென்று அறியாத அவ்விலங்கு அதற்காக உயிரைக் கொடுத்தது. பிச்சி வென்றான்; அம்புலி மீண்டு வரவில்லை. இவ்வெற்றியைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா? ஆசிரியர் விடை கூறாது நம்மிடமே விட்டுவிடுகிறார்.

ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கழித்தவன் நான். தந்தையர் பகையைப் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமந்துவரும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களும் படிக்கவேண்டிய நூல் இது. மானத்திற்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பொறையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ? அவ்விரண்டையும் அருகில் வைத்துக்கொண்டு ‘வாடிவாசலை’ப் படியுங்கள். பிச்சிக்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.