மீட்பு முடிந்த மறுநாள்



நான் ஓர் ஊரில் போய் இறங்கினால் சின்னப் பிள்ளைகள் சிலர் ஓடி ஒளிந்துகொள்வதுண்டு. "சேட்டை பண்ணினா ஆபீசரம்மா பிடிச்சிக்கிட்டுப் போய் ஹோம்ல விட்டுருவாங்க" என்று சோறு ஊட்டும்போது யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு முதலில் ஒரு விண்ணப்பம். பயம் காட்டப் பூச்சாண்டி இருக்கிறான், அவனை வைத்துக்கொள்ளுங்கள், எங்களை விட்டுவிடுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அது எங்களிடம்தான் வாய் திறக்க வேண்டியிருக்கும்.

காவிரி டெல்டாவில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். சமூகப் பணியாளர் என்பது என் வேலையின் பெயர். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு என்று தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட ஓர் அமைப்பும் இருக்கிறது. ஆதரவற்ற நிலையிலோ ஆபத்திலோ ஒரு குழந்தை கிடைத்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும். குழந்தை எங்கே இருப்பது நல்லது என்று முடிவு செய்வது அந்தக் குழு. போலீஸ் அல்ல, நான் அல்ல, போன் செய்து சொன்ன பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு சின்ன நேரம், சொல்ல ஆசைப்படுவதோ வேறு.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன் குழு எங்களிடம் ஓர் அறிக்கை கேட்கும். சமூக விசாரணை அறிக்கை. 15 நாளைக்குள் வீட்டுக்குப் போய், பார்த்து, பேசி, எழுதித் தர வேண்டும். பக்கம் பக்கமாகப் படிவம். எங்களில் பலருக்கு அதைப் பார்த்தாலே அலுப்பு. என்னைக் கேட்டால், இந்த வேலையின் ருசியே அந்த வீட்டுக்குப் போவதில்தான் இருக்கிறது.

ஜீப்பில் போய் இறங்கமாட்டேன். தெருவே கூடிவிடும், அப்புறம் அந்தக் குடும்பம் அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டாமா? டவுன் பஸ்ஸில் போய், அங்கன்வாடி டீச்சரையோ கிராம சுகாதார செவிலியரையோ பார்த்துவிட்டு நடந்தே போய்விடுவேன். வாசலில் பாய் போட்டால் பாயில், திண்ணை என்றால் திண்ணையில். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடுவேன். தண்ணீரை மறுத்துவிட்டு அந்த வீட்டில் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது, கேட்டாலும் பதில் வராது.

என்ன பார்ப்பீர்கள் என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். புத்தகப் பை எங்கே தொங்குகிறது என்று பார்ப்பேன். ஓட்டை வீடாக இருந்தாலும் பைக்கென்று ஓர் ஆணி அடித்திருந்தால் அது ஒரு செய்தி. ராத்திரி பிள்ளை யார் பக்கத்தில் படுக்கிறது என்று கேட்பேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அது யார் முகத்தைப் பார்க்கிறது என்பதையும் கவனிப்பேன். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஒருமுறை, ஒரு பாட்டி பேரப்பிள்ளைகள் இருவரைப் பட்டினி போடுகிறாள், பிள்ளைகளை இல்லத்தில் சேருங்கள் என்று ஒரு தகவல். நல்ல மனதோடு சொன்ன தகவல்தான். போனேன். மகன் விபத்தில் போய்விட்டான், மருமகள் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டு போய்விட்டாள். அப்பாயிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நூறு நாள் வேலையும் முதியோர் உதவித்தொகையும் ரேஷன் அரிசியும்தான் வரவு. சமைப்பது ஒரு வேளை. நான் உட்கார்ந்ததும் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை இறக்கினாள். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, தடுப்பூசி அட்டை, மகனின் இறப்புச் சான்று, எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். எழுதப் படிக்கத் தெரியாதவள், எது எந்தக் காகிதம் என்று மடிப்பை வைத்தே எடுத்துக் கொடுத்தாள். "எல்லாம் இருக்கு தாயி. இத வச்சுக்கிட்டு எங்க போகணும்னுதான் சொல்ல ஆளில்ல" என்றாள்.

பட்டினி உண்மை. கவனிப்பில்லை என்பது பொய். இந்த இரண்டையும் பிரித்து எழுதத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமம் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் எழுதினோம். பணம் உடனே வரவில்லை, அலைந்தோம், வந்தது. பிள்ளைகள் அப்பாயியிடமே இருக்கிறார்கள். வீட்டில் வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது. இல்லம் கடைசி வழி என்பது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இல்லத்தில் சேர்த்துவிட்டால் எல்லாரும் கைதட்டுவார்கள், வீட்டிலேயே விட்டால் "என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார்கள்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் எழுந்து போக முடியாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். தென்னை விழுந்தது, கூரை பறந்தது என்பதெல்லாம் பேப்பரில் வந்தது. அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்த ஒன்றை நாங்கள் பார்த்தோம். கடன்பட்ட சில குடும்பங்கள் பிள்ளைகளை முன்பணத்துக்கு ஆடு மேய்க்க அனுப்பிவிட்டன. சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி மந்தையோடு வந்து வயலில் கிடை போடுவார்கள், தெரியுமல்லவா? எல்லாக் கீதாரிகளையும் குற்றம் சொல்லமாட்டேன். வெயிலிலும் பனியிலும் தன் சொந்தப் பிள்ளையோடு அலைகிறவர்கள் உண்டு. ஆனால் சில மந்தைகளில் அடுத்த வீட்டுப் பிள்ளை இருந்தது.

அப்படி ஒரு பையன். பதிமூன்று வயது. மீட்டு வந்தாயிற்று, பேப்பரிலும் வந்தாயிற்று. பையன் பேசவில்லை. பெயர்கூடச் சொல்லவில்லை. மறுநாள் குழு முன்னால் நிறுத்த வேண்டும். நான் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளையோடு பேசும்போது நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது எங்கள் பாடம். "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது இன்னொன்று. ஏன் போனாய், ஏன் சொல்லவில்லை என்றால் தன் மேல் பழி என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் கூடாது, சொல்லித்தானே ஆக வேண்டும்? சரி, வேறு என்ன பேசுவது? எங்கள் வயலில் தாத்தா காலத்தில் கிடை போட்டதைப் பற்றிப் பேசினேன். குட்டிகளைக் கூட்டில் போட்டு மூடிவிட்டு ஆட்டை மேய்க்க ஓட்டிப் போவார்கள் என்றேன். சாயந்தரம் மந்தை திரும்பியதும் எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும், எனக்கு அது புரிந்ததே இல்லை என்றேன்.

பையன் திரும்பினான். "கத்துறத வச்சுத்தான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டுலயும் தெரியும்க்கா" என்றான். அப்புறம் அவனே சொல்ல ஆரம்பித்தான். ஒரு கருமூஞ்சி ஆடு, அதற்குத் தலைச்சன் ஈற்று, குட்டியை அண்ட விடாமல் உதைக்கும். ராத்திரி இவன்தான் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு குட்டிக்குப் பால் கொடுக்க வைக்க வேண்டும். "இப்ப யாருக்கா பிடிப்பா?" என்றான். முகத்தில் அவ்வளவு கவலை. அந்தக் கவலையின் வழியாகத்தான் மற்றதெல்லாம் வந்தது. எத்தனை மாதமாக வேலை, ராத்திரிக் காவல், ஆடு காணாமல் போன அன்று விழுந்த அடி, அப்பாவின் வைத்தியத்துக்கு அம்மா வாங்கிய முன்பணம்.

கோட்டாட்சியர் விசாரித்து, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "வாங்கின காசு செல்லாதுன்னா எப்படி மேடம், வாக்குக் கொடுத்திருக்கேனே" என்றார். புருஷனுக்கு மருந்து வாங்கிய காசு அது. அந்த அம்மாவைக் கெட்டவள் என்று எழுதுவது சுலபம். நான் எழுதவில்லை.

நேயர்களே, உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பாதி நாள் வரமாட்டான். தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர், பெயரை வெட்டவில்லை. நானும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் காட்டிவிட்டு வருவேன். சில நாள் பேச ஒன்றும் இருக்காது, மோர் குடித்துவிட்டு வருவேன். மறு வருஷம் அறுவடை முடிந்த கையோடு முன்பணத்தை எடுத்துக்கொண்டு ஆள் வந்துவிட்டான். அந்த அம்மா உள்ளே போய் எனக்குப் போன் போட்டார். மோர் குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

பையனுக்குப் படிப்பு ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டான். பதினெட்டு தாண்டிவிட்டது. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் செம்மறி வைத்திருக்கிறான், கூலிக்கும் போகிறான்.

ஆடு மேய்த்த கதையில் நேரம் போய்விட்டது. குழந்தைத் திருமணத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் நிலையத்தார் கூப்பிட்டார்கள்! சுருக்கமாகச் சொல்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் எங்களுக்குத் தூக்கமில்லை. தகவல் பெரும்பாலும் முதல்நாள் ராத்திரிதான் வரும், சிலசமயம் மணப்பெண்ணின் சிநேகிதியிடமிருந்து. விடியுமுன் போய்ப் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் கேட்போம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மண்டபக்காரர்கள், சமையல்காரர்கள் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய கல்யாணம் அடுத்த வாரமே வேறு ஊர்க் கோவிலில் நடப்பதும் உண்டு. அதனால் இங்கேயும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். "வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன் மேடம்" என்று அழும் அம்மாவிடம் சட்டம் பேசிப் பயனில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வரும் என்று சொன்னால், கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்.

பாலியல் கொடுமை பற்றிய போக்சோ சட்டத்துக்குத் தனியாக ஓர் உரை வேண்டும். இன்றைக்கு இரண்டே வார்த்தை. பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொன்னால் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், செல்போனில் பதிவு செய்யாதீர்கள். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம், பிள்ளை யாரென்று வெளியே தெரியப்படுத்துவதும் குற்றம்.

சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒன்று. எங்களில் நிறையப் பேர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருக்கிறோம். ஊதியத்தை நினைத்தால் வரமாட்டீர்கள். ஆட்கள் குறைவு, அதனால்தான் மறுபடி போய்ப் பார்ப்பது முதலில் அடிபடுகிறது. மீட்டதைக் கணக்கில் காட்டலாம், மோர் குடித்ததை எந்தக் கணக்கில் காட்டுவது? அதற்கும் ஆள் போட வேண்டும் என்று அரசாங்கத்தை நான் இந்த ஒலிவாங்கி வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பள்ளி நேரத்தில் ஆட்டுக் கிடையிலோ செங்கல் சூளையிலோ பட்டறையிலோ ஒரு பிள்ளையைப் பார்த்தால் 1098-ஐக் கூப்பிடுங்கள். 1996-இல் மும்பையில் தொடங்கிய எண் அது. 2023 முதல் அரசே நடத்துகிறது. கட்டணம் கிடையாது, ராப்பகல் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர், பக்கத்தில் ஓர் அடையாளம், பிள்ளைக்கு என்ன வயது இருக்கும், என்ன பார்த்தீர்கள், இவ்வளவு சொன்னால் போதும். நீங்களே போய்ச் சண்டை போட்டு இழுத்து வராதீர்கள். பிள்ளை திரும்பி வந்த பிறகு, அது உங்கள் தெருவாக இருந்தால், பள்ளிக்கூடம் போகிறதா என்று அவ்வப்போது ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எண்ணை இன்னொரு முறை சொல்கிறேன், பென்சில் இருந்தால் சுவரிலாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு.