டாக்டரிடம் மறைக்கிற மாத்திரை



வார்டில் ஜெபிக்கப் போகும்போது, டாக்டரிடம் சொல்லாததைச் சிலர் எங்களிடம் சொல்வதுண்டு. தலையணைக்கடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "ஐயா, இது மனசுக்குச் சாப்பிடுறது, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பார்கள். அது லித்தியமாயிருந்து, அவர் பிரஷருக்கும் மருந்து சாப்பிடுகிறவரானால் எங்களுக்குத் திக்கென்கிறது.

மிதமிஞ்சிய உற்சாகமும் தாங்கொணாச் சோர்வும் மாறிமாறி வருகிறவர்களுக்கு லித்தியம் பேருதவி. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கவேண்டியவர்களுக்கு மாற்று உப்பாக விற்ற லித்தியம் குளோரைடினால் சிலர் மரித்தார்கள். உப்பைக் குறைத்த உடம்பில்தான் அது நஞ்சாயிற்று.

ஏனெனில் சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவே நடத்துகிறது. உப்பும் நீரும் குறைந்தால் இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹைட்ரோகுளோரோதயசைடு, எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகிய பிரஷர் மருந்துகள் இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றக்கூடும். இவற்றில் இரண்டு ஒரே மாத்திரையாகவும் வருகின்றன. அம்லோடிபின் பொதுவாக அப்படி ஏற்றுவதில்லை. விஷயம் தெரிந்தால் டாக்டர் ஏற்றதைத் தெரிந்தெடுப்பார். வேறு வழியில்லாவிட்டால் லித்தியத்தைக் குறைத்து, அடிக்கடி இரத்தம் பார்ப்பார். தெரியாவிட்டால் என்ன செய்வார்?

கடைசி வேளை லித்தியம் போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கவேண்டும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வழக்கமான அளவு, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. வயதானவர்களுக்கு அதற்குள்ளேயே தொல்லை வரலாம். கை பலமாக நடுங்குவது, வாந்திபேதி, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். மற்றபடி எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தலாகாது. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபனும் இதே கேட்டைச் செய்யும்.

போதகராயிருந்தும் இதைச் சொல்லுகிறோம்: லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடியாமல் உபவாசம் இருக்கவேண்டாம். பிரஷருக்காக உப்பைத் திடீரென்று ஒதுக்கவும் வேண்டாம். முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

வார்டில் எங்களிடம் அட்டையைக் காட்டுகிறவருடைய சம்மதமில்லாமல் நாங்கள் வாய் திறப்பதில்லை. சம்மதம் கிடைக்கும்வரை அந்தக் கட்டிலைவிட்டு நகர்வதுமில்லை. பிறகு அவரே டாக்டரிடம் சொல்ல, நாங்கள் பக்கத்தில் நிற்போம். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு, கையில் பணமில்லாத இவர்களுடைய இரத்தப் பரிசோதனைக்குப் போகிறது.