பறவைக் காய்ச்சல் பரவும் விதம்

(கிராம ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான பிரசங்கம்)



விளைச்சல் குன்றிய வருஷங்களில் குடியானவனுடைய குடும்பத்தைத் தாங்குவன பெரும்பாலும் கறவை மாடும் கொல்லையில் மேயும் கோழியுமே. மருந்து வாங்கவும், சந்தைச் செலவுக்கும் முட்டை விற்ற காசு உதவுகிறது. சங்கக் கடனைக் கொண்டு கோழியும் வாத்தும் வாங்கி வளர்ப்போரும் பலர் உளர். ஆகவே, சில தினங்களுக்குள் ஒரு பண்ணையையே காலி செய்துவிடக்கூடிய வியாதியைப்பற்றி அறிந்துகொள்ளுதல் கோழி வளர்ப்போருக்கு மாத்திரமன்றி, அவர்களுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கும் அவசியமாகும். அவ்வியாதியே பறவைக் காய்ச்சல்.

இது புதிய வியாதியன்று. 1878-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்துப் பெரோன்சிட்டோ என்னும் பண்டிதர், கோழிகளை வாரிக்கொண்டு போன ஒரு கொள்ளை நோயை விவரித்து எழுதினார். சாதாரணக் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டிகளிலும் நுழைந்து செல்லும் அதிநுண்ணிய விஷப்பொருளே அதற்குக் காரணமென்பது 1901-ல் தெரியவந்தது. அது மனிதருக்கு வரும் இன்புளூயன்ஸாக் காய்ச்சலின் வர்க்கத்தைச் சேர்ந்ததே என்று 1955-ல் நிச்சயிக்கப்பட்டது. அதனை வைரஸ் என்று வழங்குகிறார்கள்.

இவ்வைரஸுக்கு இயற்கையான இருப்பிடம் நீர்ப்பறவைகளின் உடலேயாம். காட்டு வாத்து, கடற்காகம், ஆலா, உள்ளான் முதலியவற்றின் குடலில் இது பெரும்பாலும் யாதொரு தீங்கும் செய்யாமல் வாழ்ந்து, எச்சத்தின் வழியாக வெளிப்பட்டு, ஏரி ஜலத்திலும் சேற்றிலும் கலக்கிறது. குளிர்ந்த ஜலத்தில் பல வாரங்கள் வரை அழியாமல் இருக்கும். அந்த ஜலத்தைக் குடிக்கும் வேறு பறவைக்கு அது தொற்றிக்கொள்ளும். வெயிலும் உலர்ச்சியும் உஷ்ணமும் அதற்குப் பகை.

இந்த வைரஸில் கடுமையற்றது, கடுமையானது என இரு தரங்கள் உண்டு. கடுமையற்றது குடலிலும் சுவாசக் குழாயிலும் மாத்திரமே பெருகும். எச்5, எச்7 என்னும் இனங்களைச் சேர்ந்த கடுமையற்ற வைரஸ், நெருக்கமாக அடைபட்டுள்ள கோழிக் கூட்டத்தினுள் புகுந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி மாறிச் செல்லுங்கால், சில சமயங்களில் தன் இயல்பு மாறிக் கடுமையானதாகிவிடுகிறது. அப்பொழுது அது ஈரல், மூளை, இருதயம் ஆகிய சகல உறுப்புகளிலும் பெருகி, இரண்டு மூன்று தினங்களில் கோழியை மாய்த்துவிடும். ஆகவே, காட்டுப்பறவை கொண்டுவருவது பெரும்பாலும் வித்து மாத்திரமே. அதனை விஷமரமாக வளர்ப்பது கூட்ட நெருக்கமும் அசுத்தமுமாம்.

1996-ல் சீன தேசத்துக் குவாங்டாங் மாகாணத்தில், வளர்ப்புப் பெருவாத்துகளிடையே எச்5என்1 என்னும் கடுமையான வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 1997-ல் ஹாங்காங்கில் அது 18 மனிதரைப் பற்றி, அவர்களில் 6 பேர் இறந்தனர். பின்னர் பண்ணைகளிலிருந்து அவ்விஷம் காட்டுப்பறவைகளுக்கே திரும்பிச் சென்றது. 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் இறந்தன. இமயமலையைக் கடந்து தென்னாடு வரை வந்து, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திலும் குளிர்காலம் கழிக்கும் பறவை இதுவே. 2021 ஜனவரியில் ஹிமாசலப் பிரதேசத்துப் போங் அணை ஏரியிலும் இப்பறவைகள் பெருந்தொகையாக மாண்டன. 2021-ன் இறுதியில் வைரஸ் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வட அமெரிக்காவை அடைந்தது. 2024-ல் அண்டார்க்டிகாக் கண்டத்திலும் காணப்பட்டது. அவ்வருஷமே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறவை மாடுகளுக்கும் அது தொற்றியது தெரியவந்தது.

இந்தியாவில் கோழிப் பண்ணைகளில் இவ்வியாதி முதன்முதலாக வெளிப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்து நவாப்பூரில். ஆயினும் இதன் போக்கை நன்கு அறிவதற்குக் கேரளத்துக் குட்டநாடே தக்க உதாரணமாகும். கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த அவ்வயல்களில் அறுவடை முடிந்தவுடன் வாத்துக் கூட்டங்களை ஓட்டிவந்து, சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிடுவது வழக்கம். ஒரு வயல் மேய்ந்து தீர்ந்தால் அடுத்த வயலுக்கு ஓட்டிச் செல்வர். வலசை வரும் காட்டுப்பறவைகளும் அதே நீரில் இறங்குகின்றன. 2014, 2016, 2021 ஆகிய வருஷங்களில் அங்கே இந்நோய் தோன்றியது. 2024 ஏப்ரலில் எடத்துவா, செருதனைப் பஞ்சாயத்துகளில் வாத்துகளிடமும், ஜூன் மாதத்தில் முஹம்மாவில் காகங்களிடமும் காணப்பட்டது. 2014-ல் அது வந்த காலமோ, வாத்து நல்ல விலைக்குப் போகும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சற்று முந்திய நவம்பர் மாதம். ஒரு வருஷத்து உழைப்பின் பலனைக் கையில் வாங்கும் தருணத்தில் குடியானவர்கள் அதனை இழந்தார்கள்.

வாத்தைப்பற்றி ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. சில வகை வைரஸ் வாத்தையும் கொல்லும். வேறு சில வகையோ வாத்துக்கு நோயின் அடையாளமே காட்டாமல், அதன் எச்சத்தில் மாத்திரம் வெளிப்படும். ஆதலின் வாத்தையும் கோழியையும் ஒரே பட்டியில் அடைப்பது தகாது.

தூரதேசங்களுக்கு நோயைக் கொண்டுசெல்வதில் காட்டுப்பறவைக்குப் பங்குண்டு. ஆனால் கிராமத்திலிருந்து கிராமத்திற்கு அதனைக் கொண்டுசெல்வன பெரும்பாலும் மனிதர் காலும் வண்டிச் சக்கரமுமே. செருப்பில் ஒட்டிய எச்சம், கழுவாத முட்டை அட்டை, வியாபாரியின் கூண்டு, சந்தையில் விலைபோகாமல் வீடு திரும்பிய கோழி, வயலுக்கு வாங்கிய கோழி எரு ஆகிய இவையே அதன் வாகனங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ எறிந்த பிணத்தைக் காகமும் நாயும் இழுத்துச் சென்று மற்றோர் இடத்தில் போடும். நீர்ப்பறவைகளைச் சுடுவதும், அவை கூடு கட்டும் மரங்களை வெட்டுவதும் பயனற்றவை. கலைந்த பறவை வேறு ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோகவும் கூடும்.

அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டியவை சில. கோழிக்குத் தீனியும் தண்ணீரும் கூரையின் கீழேயே வைத்தல் வேண்டும். ஏரி, குட்டை ஜலத்தைக் குடிக்கவிடலாகாது. புதிதாக வாங்கிய பறவையை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றுடன் சேர்த்தல் வேண்டும். கொட்டகைக்குள் செல்லத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுதலும், கைகளைச் சோப்பினால் கழுவுதலும், வாசலில் சுண்ணாம்புத்தூள் இடுதலும் நலம். இறந்த பறவையை வெறுங்கையால் தொடலாகாது, குழந்தைகளையும் அணுகவிடலாகாது. இறைச்சியும் முட்டையும் உட்பாகம் வரை நன்றாக வெந்தால் வைரஸ் அழிந்துவிடும்.

கொண்டையும் தாடியும் நீலம்பாரித்தல், தலை வீங்குதல், கால்களில் இரத்தம் கட்டுதல், முட்டை திடீரெனக் குறைதல் அல்லது தோல் முட்டையாதல், காரணமின்றிப் பல பறவைகள் ஒரே நாளில் சாதல் ஆகியவை அடையாளங்கள். ராணிக்கெட் நோயிலும் இவற்றுட் சில காணப்படுவதால், பார்வையினால் நிச்சயிக்க முடியாது. போபாலிலுள்ள தேசிய சோதனைச்சாலையே முடிவு கூறும்.

இவ்விடத்தில்தான் குடியானவனுடைய மனம் சோதனைக்கு உள்ளாகிறது. பத்துக் கோழி செத்தவுடன், மீதியையாவது விடிவதற்குள் விற்றுவிடுவோம் என்று தோன்றும். நோய் உறுதியானால், சுற்றிலும் 1 கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் யாவும் கொல்லப்படும். அயலாருடைய நோயற்ற கோழிகளும் தப்பா. ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியும் சிலர் மறைப்பர். ஆயினும் மறைத்து விற்ற கோழி மற்றொரு சந்தையையும் மற்றொரு சங்கத்தையும் கெடுக்கும். அன்றியும், மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பகிர்ந்து அளிக்கும் நஷ்டஈடு, உத்தரவின்படி கொல்லப்பட்ட பறவைகளுக்கே உரியது, தாமே செத்தவற்றுக்கன்று. தாமதித்த ஒவ்வொரு நாளும் ஈடு பெறத்தக்க பறவைகள் குறைந்துகொண்டே போகும். 2009-ஆம் வருஷத்துச் சட்டமும், தொற்றுநோய் உண்டெனச் சந்தேகித்தால் உடனே தெரிவிப்பதைச் சொந்தக்காரருடைய கடமையாக விதித்திருக்கிறது.

இதில் சங்கம் செய்யக்கூடிய காரியம் உண்டு. அங்கத்தினரின் பறவைக் கணக்கை மாதந்தோறும் குறித்து வைத்தால் நஷ்டஈடு கோருவதற்கு அதுவே சான்றாகும். முதலில் அறிவித்தவனைப் பழிக்காமல், அவன் கடன் தவணையை ஒத்திவைக்கவும், மறுபடி குஞ்சு வாங்கக் கடன் கொடுக்கவும் பொதுக்கூட்டத்தில் முன்னதாகவே தீர்மானித்து வைக்கலாம். உண்மை சொன்னவன் தனியே அழியமாட்டான் என்னும் தைரியம் ஊரில் இருந்தால், முதற்கோழி செத்த அன்றே கால்நடை வைத்தியருக்குச் செய்தி போய்ச் சேரும். ஒருவருடைய கஷ்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல் ஐக்கியத்தின் ஆதாரக் கொள்கை. இந்நோயைத் தடுப்பதற்கும் அதுவே உற்ற துணையாகும்.