சட்டம் வந்தா மட்டும் போதுமா? ராபர்ட் ஸ்மால்ஸ் வாழ்க்கை சொல்லும் பாடம்

(இளைஞர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிச்சது யாருன்னு கேட்டா, ஆபிரகாம் லிங்கன்னு உடனே சொல்வோம். ஆனா அந்த அடிமைகள் என்ன பண்ணாங்க? கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தாங்களா? இல்லை தோழர்களே!

1860-ல் அங்கே சுமார் 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகள். அவர்கள் விளைவித்த பருத்திதான் அந்த நாட்டின் முதன்மையான ஏற்றுமதி. வடக்கே இருந்த நூற்பாலைகளும் அந்தப் பஞ்சை நம்பித்தான் ஓடின. லிங்கன் வென்றதும், அடிமை முறைக்கு ஆபத்து என்று சொல்லி முதலில் பிரிந்துபோன மாநிலம் தெற்கு கரோலினா. அங்கே மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் அடிமைகள். 1861 ஏப்ரலில் அம்மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில்தான் உள்நாட்டுப் போர் வெடித்தது.

அதே துறைமுகத்தில் ஓர் இளைஞர். பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. அடிமை. தென்னகப் படையின் 'பிளான்டர்' என்ற கப்பலை ஓட்டுவது அவர் வேலை. 1862 மே 13, விடியறதுக்கு முன்னாடி. வெள்ளைக்கார அதிகாரிகள் கரைக்குப் போயிட்டாங்க. ஸ்மால்ஸ் கேப்டனோட தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டார். மனைவி, பிள்ளைகள், கூட வேலை செஞ்சவங்களோட குடும்பத்தார் எல்லாரையும் ஏத்திக்கிட்டார். ஒவ்வொரு கோட்டைக்கும் சரியான சங்கொலி கொடுத்துத் தாண்டி, கப்பலை வடக்குக் கடற்படையிடம் ஒப்படைச்சார்! அடுத்தடுத்த ஆண்டுகளில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். விடுதலை யாரும் போட்ட பிச்சை அல்ல.

1865-ல் போர் முடிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அரசமைப்பில் மூன்று திருத்தங்கள் வந்தன. 13-வது அடிமை முறையை ஒழித்தது. 14-வது குடியுரிமை தந்தது. 15-வது, இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது.

1868-ல் தெற்கு கரோலினாவுக்குப் புதிய அரசமைப்பு எழுத அவை கூடியது. உறுப்பினர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். அவர்களில் ஒருவர் ஸ்மால்ஸ். அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாலே குற்றம் என்றிருந்த மாநிலத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி என்று எழுதி வெச்சாங்க. பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

ஆனா நிலம்? விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை தரலாம் என்று 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் உத்தரவிட்டார். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் அதைத் திருப்பிப் பண்ணையார்களிடமே கொடுத்துட்டார். நேத்து அடிமையா உழுத நிலத்தில் இன்னிக்கு வாரத்துக்கு உழுது, கடனில் மூழ்கினாங்க.

அடுத்தது வாக்கு. 1877-ல் குடியரசுத் தலைவர் நாற்காலிக்கான பேரத்தில், தெற்கே காவலுக்கு நின்ற படையின் பாதுகாப்பு விலக்கப்பட்டது. 1895-ல் தெற்கு கரோலினாவில் மறுபடியும் அரசமைப்பு அவை. இந்த முறை கறுப்பின உறுப்பினர்கள் வெறும் 6 பேர். அதிலும் ஸ்மால்ஸ் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியணும், இல்லைன்னா 300 டாலர் சொத்து இருக்கணும், அப்பத்தான் ஓட்டு என்றார்கள். படிக்க விடாம வெச்சதும் அவங்கதான், நிலத்தைப் பிடுங்கினதும் அவங்கதான்! ஸ்மால்ஸ் எதிர்த்து வாதாடினார். தோற்றார். 27 ஆண்டுகளுக்கு முன் எழுதியது அவர் கண்ணெதிரே அழிக்கப்பட்டது.

பறிபோன வாக்குரிமையை மீட்கும் சட்டம் வந்தது 1965-ல். இடையில் 70 ஆண்டுகள். மூன்று தலைமுறை!

தோழர்களே, 15-வது திருத்தத்தை யாரும் நீக்கவே இல்லை. அது புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. நிபந்தனை மேல் நிபந்தனை போட்டு, பட்டியலிலிருந்து பெயர்களை மட்டும் காணாமல் ஆக்கினார்கள். உரிமையை வாங்குவது பாதி வேலை. அதைக் காவல் காப்பது மீதி வேலை.

அதனால இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், வாக்காளர் பட்டியலில் உங்க பேரும் உங்க தெருவில் இருக்கிற எளிய மக்களோட பேரும் இருக்கான்னு முதல்ல பாருங்க.