நான்கு விநாடி



எனக்கு முன்னால் பேசியவர் இரண்டாம் உலகப் போரைப் பற்றி அருமையாகச் சொன்னார். சர்ச்சில் வந்தார், ஹிட்லர் வந்தார், மாண்ட்கோமரி வந்தார். நம்ம செங்கல்பட்டு ஜில்லாக்காரர் மட்டும் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லத்தான் நான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன்! ஊர், கீழ்ஒட்டிவாக்கம்! தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள். எண்பது வருஷமாக அவருக்கு நாம் பாக்கி வைத்திருக்கிற கைதட்டல் இது.

1944 பிப்ரவரி 24. இத்தாலி. மிஞ்ஞானோ என்று ஓர் ஊர். பக்கத்தில்தான் மாண்டே காஸினோ மலை. அதன் உச்சியில் இருந்த புகழ்பெற்ற மடாலயத்தை நேச நாட்டு விமானங்கள் அதே பிப்ரவரி 15-ஆம் தேதி தரைமட்டமாக்கின. மழை, சேறு, குளிர். எங்கள் சுபேதார் அங்கே எப்படிப் போனார்? நாலாவது இந்திய டிவிஷன். எகிப்துப் பாலைவனம், எரித்ரியாவில் கெரென் மலை, அல் அலமைன், துனீசியா எல்லாம் பார்த்த டிவிஷன் அது. அதில் மதராஸ் சாப்பர்களின் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் அவர் சுபேதார்.

மதராஸ் சாப்பர்கள் என்றால் யார் என்று பின்னால் நின்று கேட்கிற தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். 1780-இல் தொடங்கிய படை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அவர்கள் தலைமையகம். ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'தான்! படை முன்னேறும் முன்னே போய்ப் பாலம் கட்டுகிறவர்கள், பாதை போடுகிறவர்கள், கண்ணிவெடி எடுக்கிறவர்கள். 1912-இல் மெக்ளின்டாக் என்ற கேப்டன், பெங்களூரில் இந்தச் சாப்பர் படையில் இருந்தபோதுதான், நீளக் குழாய்களில் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடொன்று பொருத்தி, முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைக்கிற வித்தையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் பெங்களூர் டார்பீடோ. 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் முள்வேலியைத் தகர்த்தது எதனால்? நம்ம பெங்களூர் குழாயால்! ஆமாம், தட்ட வேண்டிய இடம்தான் இது.

இவ்வளவு பேர் எடுத்த தெற்கத்தியானை அன்றைக்கு என்ன சொன்னார்கள்? போருக்கு ஆகமாட்டான் என்றார்கள்! ராபர்ட்ஸ் பிரபு என்று ஒரு தளபதி. முதலில் மதராஸ் படைக்குத் தலைவர், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவர். வீரம் வடக்கத்தியானுக்குத்தான், தெற்கே ரத்தம் சுண்டிப்போச்சு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு அவரோடு போகவில்லை. 1920-கள் முடிவதற்குள் மதராஸ் காலாட்படை ரெஜிமெண்டுகளைக் கலைத்தே விட்டார்கள். சாப்பர்களை விட்டுவைத்தார்கள், அவர்கள் இல்லாமல் ஆற்றைத் தாண்ட முடியாதே! அப்புறம் ஹிட்லர் படையெடுத்தான். உடனே நம்மூர் நினைவு வந்தது. ஆள் சேர்க்க வந்தார்கள்.

கட்டாயம் கிடையாது, ஐயா. அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்த 25 லட்சம் பேரும் தானாகப் பெயர் கொடுத்தவர்கள். உலகம் கண்ட மிகப் பெரிய தன்னார்வப் படை அதுதான். சிப்பாயின் தொடக்கச் சம்பளம் மாதம் இருபது ரூபாயைத் தொடாது.

இந்த இடத்தில்தான் சில மேதாவிகள் வருவார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். "வெள்ளைக்காரனிடம் கூலிக்குப் போனவனுக்கு என்ன விழா?" என்பார்கள். கூலிக்குப் போனாராம்! வயிற்றுக்குப் போனவனை இழிவாகப் பேசுகிற நாக்குக்கு வயிற்றுப் பசி தெரியாது. கடன் அடைக்கப் போனவன் உண்டு, தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவன் உண்டு, தொழில் கற்கப் போனவன் உண்டு. எந்த அரசன் கொடியின் கீழே நின்றான் என்று கேட்கிறீர்களே, எந்த மனிதனுக்காகச் செத்தான் என்று கேட்டீர்களா?

கேளுங்கள், சொல்கிறேன். அன்று மிஞ்ஞானோவில் சுபேதாரும் ஆட்களும் கண்ணிவெடி எடுக்கிறார்கள். கையில் கண்ணி கண்டுபிடிக்கும் கருவி, காதில் அதன் ஒலி, ஓர் அடி வைத்து நின்று மறு அடி. சுபேதார் என்றால் சிப்பாய்களில் மூத்தவர். ஆனால் நேற்று மீசை முளைத்த வெள்ளை லெப்டினன்டுக்கும் கீழே. பின்னால் நின்று உத்தரவு போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் ஆட்களோடு ஆளாக நின்றார். கூட இருந்தவர் காலடியில் ஒரு கண்ணி உயிர்பெற்றது. ஜெர்மானியரின் எஸ் வகைக் கண்ணி. மிதித்தவுடன் வெடிக்காது. நாலு விநாடி போல பொறுத்து, தவளைபோல் இடுப்பு உயரம் எகிறி, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் இறைக்கும். சுற்றி நிற்கிறவர்கள் தப்புவது அரிது.

இந்தக் கணக்கெல்லாம் அந்தத் தொழிலில் ஊறிய சுப்பிரமணியனுக்குத் தெரியும். தெரிந்தவருக்கு அந்த நாலு விநாடியில் ஓடிப்போய்த் தரையில் படுக்க நேரம் இருந்தது. அவர் கண்ணியின் மேலேயே விழுந்தார். வெடி முழுவதையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அதற்குக் கொடுத்த பதக்கம் ஜார்ஜ் கிராஸ். 1944 ஜூன் கடைசியில் லண்டன் அரசிதழில் அறிவித்தார்கள். இதிலும் ஒரு சிலர், "விக்டோரியா கிராஸ் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். எதிரி நேருக்கு நேர் நிற்கும்போது காட்டிய வீரத்துக்கு அது, எதிரி எதிரே இல்லாதபோது காட்டிய வீரத்துக்கு இது. மதிப்பில் ஒன்றுக்கு ஒன்று குறைவில்லை. எதிரி இல்லாத இடத்தில், கோபமோ ஆவேசமோ இல்லாமல், நாலு விநாடியில் முடிவெடுத்தவரைவிட யாரை நான் பெரியவன் என்று சொல்வேன்?

மேடையில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், நகரமன்ற உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். சிலை கேட்கவில்லை நான். வருகிற பிப்ரவரி 24 அன்று காலை பிரார்த்தனைக் கூட்டத்தில், ஒவ்வொரு பள்ளியிலும், ஒரு மாணவன் எழுந்து இந்தக் கதையைச் சொல்லட்டும். மிஞ்ஞானோ எங்கே என்று தேசப்படத்தில் விரலை வைத்துக் காட்டட்டும். படத்தை நான் வாங்கித் தருகிறேன். செய்வீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள், செய்வீர்களா?